மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி தெரியாமலிருக்க நரம்புத் தடுப்பு ஊசி: அம்மாவுக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: பொருநை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்டதால், அடுத்த மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்வதென்று முடிவு செய்திருக்கிறோம். அம்மாவுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மதமதப்பும் இருப்பதாக அடிக்கடி சொல்வார். சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை எடுத்துவருகிறார்.

சென்ற வாரம் மயக்க மருத்துவரைப் பார்த்தோம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சை நடக்கும் என்றும், அதன் பிறகு வலி தெரியாமலிருக்கத் தொடையின் நடுப்பகுதியில் ‘அடக்டர் கெனால் பிளாக்’ என்ற நரம்புத் தடுப்பு ஊசியும், முழங்காலின் பின்புறத்துக்கென இன்னோர் ஊசியும் போடலாம் என்றும் அவர் கூறினார். எலும்பு மருத்துவரோ, மூட்டைப் பொருத்தும்போதே உள்ளே மரப்பு மருந்தைச் செலுத்திவிடுவேன் என்கிறார். செலவு மதிப்பீட்டுத் தாளில் இந்த நரம்பு ஊசிக்குத் தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு முன்பு இதே அறுவை சிகிச்சை வேறோர் ஊரில் நடந்தபோது, தொடையின் மேற்பகுதியில், இடுப்பு மடிப்புக்கு அருகே, ஊசி போட்டார்கள். வலியே இல்லை என்று மகிழ்ச்சியாக இருந்தவர், அன்றிரவு கழிவறைக்குப் போக எழுந்தபோது முழங்கால் மடங்கிக் கீழே விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால், ‘நரம்பில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்’ என்று அவர் சொல்லிச் சொல்லி, அம்மா இப்போது எந்த ஊசியும் வேண்டாம் என்கிறார். முதுகில் போடும் ஊசியால் ஆயுளுக்கும் இடுப்பு வலி வரும் என்ற அச்சமும் அவருக்கு உண்டு.

நான் அறிய விரும்புவது இதுதான்: முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று, மூட்டுக்குள் ஒன்று என இத்தனை ஊசிகளும் உண்மையிலேயே தேவையா? சர்க்கரை நோயும் ஸ்டென்ட்டும் உள்ளவருக்கு இவை பாதுகாப்பானவையா? பெரியம்மாவுக்கு நேர்ந்தது அம்மாவுக்கும் நேருமா?

பதில்: மயக்கவியல் மருத்துவர், கோவை

வணக்கம். உங்கள் பெரியம்மாவுக்கு நேர்ந்தது எதனால் என்பதை முதலில் விளக்கிவிட்டால், மற்றவை எளிதில் புரியும்.

நீங்கள் சொல்லும் விவரத்தைக் கொண்டு பார்த்தால், அவருக்குப் போடப்பட்டது ‘ஃபெமோரல்’ நரம்புத் தடுப்பாக இருக்க வேண்டும். இடுப்பு மடிப்பின் அருகே, பெரிய தமனியை ஒட்டிச் செல்லும் இந்த நரம்புதான் முழங்காலின் முன்பக்கத்திலிருந்து வலியுணர்வைக் கொண்டுசெல்கிறது. முழங்காலை நீட்டிப் பிடிக்கும் தொடையின் முன்தசைக்கு ஆணை கொண்டுவருவதும் அதுவே. அந்த இடத்தில் மருந்து செலுத்தினால் வலி நன்றாக அடங்கும். கூடவே தசையும் தளர்ந்துவிடும். படுத்திருக்கும்வரை நோயாளிக்கு அது தெரிவதில்லை. எழுந்து உடல் எடையை அந்தக் காலில் வைக்கும் நொடியில் முழங்கால் மடங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் இதுவே வழக்கமான முறையாக இருந்தது என்பதால், உங்கள் பெரியம்மாவைப் போல் விழுந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

அடக்டர் கெனால் பிளாக் இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுதான். ஃபெமோரல் நரம்பு தொடையின் மேற்பகுதியிலேயே பல கிளைகளாகப் பிரிந்து, தசைக்கான கிளைகளில் பெரும்பாலானவை அங்கேயே விலகிவிடுகின்றன. தொடையின் நடுவில், உட்புறத்தில், சார்டோரியஸ் என்ற தசைக்கு அடியில் ஒரு குறுகிய தடம் இருக்கிறது. அதற்குள் எஞ்சிச் செல்பவை பெரும்பாலும் உணர்வுக்கான ‘சஃபீனஸ்’ நரம்பும், தொடைத்தசையின் ஒரு பகுதிக்கான சிறு கிளையுமே. அங்கே மருந்தைச் செலுத்தும்போது, வலி குறைவதுடன் காலின் பலமும் பெருமளவு காக்கப்படுகிறது. ‘பெருமளவு’ என்றுதான் சொல்கிறேன். மருந்தின் அளவு மிகுந்தால் அது மேல்நோக்கிப் பரவி ஓரளவு தளர்ச்சியை உண்டாக்கக்கூடும். ஆகவே, இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவரும் முதல் நாளில் துணையின்றி எழுந்திருக்கக் கூடாது.

அடுத்து, ஏன் இத்தனை ஊசிகள் என்ற கேள்வி. முழங்காலுக்கு ஒரே ஒரு நரம்பு மட்டும் வருவதில்லை. முன்புறத்துக்கு ஃபெமோரல் நரம்பின் கிளைகளும், உட்புறத்துக்கு ஆப்ட்யூரேட்டர் நரம்பும், பின்புறத்துக்குப் பெரும்பாலும் சயாட்டிக் நரம்பின் கிளைகளும் வருகின்றன. அடக்டர் கெனால் ஊசி முன்புறத்தையும் உட்புறத்தையும் கவனித்துக்கொள்ளும். பின்புற வலி அப்படியே இருக்கும். உங்கள் மருத்துவர் சொன்ன இரண்டாவது ஊசி ‘ஐபேக்’ எனப்படுவதாக இருக்கலாம். முழங்காலின் பின்னே செல்லும் தமனிக்கும் மூட்டுறைக்கும் இடையிலுள்ள இடத்தில் மருந்தைச் செலுத்தினால், மூட்டுறைக்குள் நுழையும் நுண்ணிய நரம்புகள் மட்டும் மரத்துப்போகும். பாதத்தை அசைக்கும் பெரிய நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியின் வேலை வேறு. அறுவை நடக்கும் நேரத்துக்கு மட்டும் அது பயன்படும். பொதுவாக மூன்று நான்கு மணி நேரத்தில் வேகம் குறைந்துவிடும். அது விட்டுப்போன பிறகு வரும் முதல் இரவே இந்த அறுவை சிகிச்சையில் மிகக் கடினமான பொழுது. நரம்புத் தடுப்பு அந்தப் பொழுதுக்காகப் போடப்படுகிறது. ரோப்பிவக்கெய்ன் அல்லது புப்பிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்தைக் கொண்டு ஒருமுறை போடும் ஊசி ஏறத்தாழ 12 முதல் 24 மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும். அதே இடத்தில் மெல்லிய குழாயை வைத்து மருந்தைத் தொடர்ந்து செலுத்தினால் இரண்டு மூன்று நாள்வரை நீட்டிக்கலாம்.

இனி அம்மாவின் அச்சங்களுக்கு வருகிறேன். ஸ்பைனல் ஊசி போட்ட இடத்தில் சில நாள் தொட்டால் வலிப்பது உண்டு. ஆனால், ஆயுள் முழுவதும் நீடிக்கும் இடுப்பு வலியை அது உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. முழங்கால் தேய்ந்த வயதில் முதுகெலும்பும் தேய்ந்திருப்பதால், ஏற்கெனவே இருக்கும் இடுப்பு வலிக்கான பழி பின்னாளில் ஊசியின்மேல் விழுகிறது. நரம்பு ஊசியால் நிலையான நரம்புப் பாதிப்பு ஏற்படுவது, வெளியான பெரிய தொகுப்புகளின்படி, பத்தாயிரம் பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு என்ற அளவில்தான் உள்ளது. சில வாரங்களில் தானே மறையும் கூச்சமும் மதமதப்பும் அதைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. நரம்புக்கருகில் மருந்து செலுத்தும் உத்தி புதியதும் அன்று. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணில் கோகெய்ன் சொட்டுகளை இட்டு மரப்பு உண்டாக்கிக் காட்டியதைத் தொடர்ந்து, நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் நரம்புகளை ஒட்டி அதே மருந்தைச் செலுத்தத் தொடங்கிவிட்டார். புதிதாக வந்திருப்பது அல்ட்ராசவுண்ட் கருவி. ஊசி முனை, நரம்பு, தமனி மூன்றையும் திரையில் பார்த்துக்கொண்டே போடுவது கடந்த இருபது ஆண்டுகளில் பரவலாகியிருக்கிறது.

சர்க்கரை நோய் இதற்குத் தடையில்லை. ஆனால் கவனம் தேவை. பாதத்தில் ஏற்கெனவே மதமதப்பு இருப்பவரின் நரம்புகள் மரப்பு மருந்துக்கு எளிதில் கட்டுப்படும். மரப்பு கூடுதல் நேரம் நீடிக்கவும் கூடும். எனவே, அவருக்கு மருந்தின் அடர்த்தியைக் குறைத்துப் போடுவது வழக்கம்.

குளோபிடோக்ரெல் விஷயத்தில் நீங்களாக எதையும் செய்யாதீர்கள். முதுகில் ஊசி போடுவதற்கு 5 முதல் 7 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்பது பொதுவான நெறி. முதுகெலும்புக் குழாய்க்குள் இரத்தம் கசிந்தால் அது தண்டுவடத்தை அழுத்திவிடும் என்பதே காரணம். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தலாமா, நிறுத்தினால் மாற்றாக ஆஸ்பிரினைத் தொடர வேண்டுமா என்பதை இதய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தொடையில் போடும் ஊசியில் இரத்தம் கசிந்தாலும் வெளியிலிருந்து அழுத்தி நிறுத்த முடியும் என்பதால், அங்கே கட்டுப்பாடு அந்த அளவுக்குக் கடுமையானது அன்று.

ஒரு செய்தியை மட்டும் உங்கள் மருத்துவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருத்துவர் தொடையிலும், எலும்பு மருத்துவர் மூட்டுக்குள்ளும் செலுத்துவது ஒரே வகை மருந்து. இரண்டையும் கூட்டித்தான் உச்ச அளவைக் கணக்கிட வேண்டும். ரோப்பிவக்கெய்னுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு ஒரு கிலோ உடல் எடைக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம், அதாவது 0.2 சதவீதக் கரைசலில் 90 மில்லி. இரண்டு மருத்துவர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் தத்தம் அளவைப் போட்டால் இந்த வரம்பு எளிதில் தாண்டப்படும். அளவு மீறி இரத்தத்தில் கலந்தால், வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்று தொடங்கி, வலிப்பிலும் இதயத் துடிப்புக் கோளாறிலும் போய் முடியலாம். அதற்கு மாற்று மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை அறுவை அரங்கில் தயாராக வைத்திருக்க வேண்டும். அதை வைத்திருக்கிறீர்களா என்று கேட்பதில் தவறேதுமில்லை. முறையாகப் பணிசெய்யும் எந்த மயக்க மருத்துவரும் இந்தக் கேள்விக்காக வருந்த மாட்டார்.

பதில்: எலும்பு மருத்துவர், திருச்சி

மேலே எழுதியவர் பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறார். அறுவை செய்பவனின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். ஓரிடத்தில் அவரோடு சற்று வேறுபடவும் செய்கிறேன்.

மூட்டுக்குள் மருந்து செலுத்தும் முறையைச் சிட்னியைச் சேர்ந்த கெர், கோஹன் என்ற இரண்டு மருத்துவர்கள் 2008இல் விரிவாக வெளியிட்டார்கள். ரோப்பிவக்கெய்ன், கீட்டோரோலாக் என்ற வலி நிவாரணி, அட்ரினலின் ஆகிய மூன்றையும் கலந்து, புதிய மூட்டைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் மூட்டுறையின் பின்பகுதி, பக்கத் தசைநார்கள், தோலின் அடிப்பகுதி என்று ஒவ்வோர் அடுக்கிலும் செலுத்துவது அவர்களின் முறை. நான் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அட்ரினலின் கலந்த மருந்து மெதுவாகவே இரத்தத்தில் சேரும் என்பதால், மேற்சொன்ன அளவு வரம்பை எப்படிப் பொருத்துவது என்பதில் மருத்துவரிடையே வேறுபாடுகள் உண்டு. எங்கள் அரங்கில் மயக்க மருத்துவர் சொல்லும் எண்ணே இறுதியானது. மூட்டுறையின் பின்பகுதியில் கவனமாகச் செலுத்திவிட்டால், ஐபேக் ஊசி தரும் கூடுதல் பயன் எனக்குச் சிறியதாகவே தோன்றுகிறது. அடக்டர் கெனால் ஊசியை மட்டும் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. அறுவைக்குப் பிந்தைய வலி நிவாரணத்தை அறுவை வாரியாக ஆராய்ந்து பரிந்துரை வழங்கும் ‘பிராஸ்பெக்ட்’ குழு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்காக 2022இல் வெளியிட்ட பரிந்துரையிலும் மூட்டுக்குள் செலுத்தும் மருந்து, ஒருமுறை போடும் அடக்டர் கெனால் ஊசி, பாராசிட்டமால், வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரை, ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஆகியவை சேர்ந்தே இடம்பெற்றுள்ளன. டெக்ஸாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை ஓரிரு நாள் உயர்த்தும். உங்கள் அம்மாவுக்கு அதைக் கொடுக்கலாமா என்பது அன்றைய சர்க்கரை அளவைப் பொறுத்தது.

சயாட்டிக் நரம்பை முழுமையாகத் தடுக்கும் ஊசியை யாராவது பரிந்துரைத்தால் மட்டும் ஏன் என்று கேளுங்கள். அறுவை முடிந்தவுடன், ‘பாதத்தை மேலே தூக்குங்கள், கட்டைவிரலை அசையுங்கள்’ என்று நாங்கள் சொல்வது சம்பிரதாயத்துக்காக அன்று. முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டிச் செல்லும் பெரோனியல் நரம்பு, அறுவையின்போது இழுபடலாம்; முட்டிகள் உள்நோக்கி ஒட்டி வளைந்த கால்களை நேராக்கும்போது அந்த வாய்ப்பு அதிகம். பாதம் தூக்க முடியாமல் போவதே அதன் அடையாளம். ஊசியால் பாதம் மரத்துக் கிடந்தால், அது மருந்தின் விளைவா, நரம்பின் பாதிப்பா என்று எங்களால் பிரித்தறிய முடியாது. இறுக்கமான கட்டைத் தளர்த்தி முழங்காலைச் சற்று மடக்கி வைக்க வேண்டிய பொன்னான நேரம் வீணாகிவிடும்.

இன்னொன்று. அறுவைத் தழும்புக்கு வெளிப்பக்கமாக, முழங்காலின் முன்னே உள்ளங்கையளவு இடத்தில் தோல் மரத்துப்போய்ப் பல மாதம் அப்படியே இருப்பதைக் கண்டு, நரம்பு ஊசிதான் கெடுத்துவிட்டது என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. சஃபீனஸ் நரம்பின் ஒரு தோல் கிளை அந்த இடத்தைக் குறுக்கே கடந்து செல்கிறது. நடுவில் கீறல் போடும்போது அது அறுபடுவதைத் தவிர்க்க முடியாது. ஊசியே போடாதவர்களுக்கும் இது வரும். நடைக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை.

செலவைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தீர்கள். செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. அந்த வரம்பு மூட்டுக்கு மட்டுமே பொருந்தும், மயக்க மருத்துவரின் பணிக்கோ மருந்துக் குழாய்க்கோ பொருந்தாது. ஒருமுறை போடும் ஊசியா, குழாயும் பம்பும் சேர்ந்ததா என்று மதிப்பீட்டுத் தாளில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், ஒற்றை முழங்காலுக்குக் குழாய் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அது நழுவுவதும், ஒட்டிய இடத்தில் மருந்து கசிவதும் வழக்கமான தொல்லைகள்.

பதில்: இயன்முறை சிகிச்சையாளர்

மருத்துவர்கள் இருவரும் மருந்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். அறைக்கு வந்த பிறகு நடப்பதை நான் எழுதுகிறேன், ஏனென்றால் விழுவது அங்கேதான் நிகழ்கிறது.

வலி இல்லை என்பதும் காலுக்குப் பலம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. நோயாளியை முதன்முதலில் நிற்க வைப்பதற்கு முன், படுத்த நிலையில் முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கச் சொல்வோம். படுக்கையிலிருந்து சிறிதளவு தூக்கிச் சில நொடிகள் பிடித்துக்கொள்ள முடிந்தால்தான் வாக்கருடன் நிற்க வைப்போம். முடியாவிட்டால் முழங்காலுக்கு நீண்ட பிரேஸ் கட்டி, இருபுறமும் ஆள் பிடித்துக்கொள்வோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாராவது அம்மாவை எழுப்பினால், தயங்காமல் தடுத்துக் கேளுங்கள். பகலில் நாங்கள் இருக்கும்போது யாரும் விழுவதில்லை. இரவில், ‘பிள்ளை தூங்கட்டும், எதற்கு எழுப்புவது’ என்று தாமே எழுந்து கழிவறைக்குப் போகும் தாய்மார்களே விழுகிறார்கள். முதல் இரவில் படுக்கையருகே பெட் பேனோ கமோட் நாற்காலியோ இருக்கட்டும். அழைப்பு மணி அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உடன் தங்குபவர் அம்மாவின் கட்டிலுக்கும் கழிவறைக் கதவுக்கும் இடையில் படுத்துக்கொள்ளலாம்.

மரத்த காலில் சூடு தெரியாது. நம் வீடுகளில் வலி என்றதும் வெந்நீர் ஒத்தடமும் தைலமும்தான் கையில் வரும். மரப்பு நீங்காத தோலில் வெந்நீர்ப் பை வைத்துக் கொப்புளம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தப் புண் ஆறுவதற்குள் மூட்டே ஆறிவிடும். ஐஸ் பை வைப்பதானாலும் துணி சுற்றி, இடைவெளி விட்டு வைக்க வேண்டும். புதிதாக அறுவை நடந்த காலில் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது அறவே கூடாது. மரத்த குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் புண்ணாகும். ஆகவே கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தொங்கவிடுங்கள். முழங்காலுக்கு நேர் கீழே தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும் என்று எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். சில வாரங்களில் கால் முழுமையாக நீளாமல் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நரம்பு ஊசியின் பயனை நாங்கள் நேரில் பார்ப்பது மறுநாள் காலையில்தான். இரவு தூங்கி எழுந்தவர் பயிற்சிக்கு ஒத்துழைப்பார். விடிய விடிய வலியில் கிடந்தவர் எங்களைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்வார். முதல் வாரத்தில் முழங்காலை மடக்கி நீட்டிப் பழகாவிட்டால் உள்ளே இறுகத் தொடங்கிவிடும். பிறகு அதை மீட்பது நோயாளிக்கும் வேதனை, எங்களுக்கும் வேதனை.

பதில்: கரூர் வாசகர்

நான் மருத்துவர் இல்லை. என் மனைவிக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தபோது உடனிருந்தவன் என்ற முறையில், மேலே யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஊசியின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வலி மெல்ல மெல்ல ஏறும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படி நடக்கவில்லை. காலையில் அறுவை முடிந்து, மாலை முழுவதும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், நள்ளிரவுக்குப் பிறகு திடீரெனப் படுக்கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். இரவு உணவுக்குப் பின் வந்த செவிலியர் ‘வலி இருக்கிறதா’ என்று கேட்டபோது, இல்லை என்றுதான் என் மனைவி சொன்னார். அதனால் அந்த வேளைக்குரிய மாத்திரை தரப்படவில்லை. பிறகு தந்த மாத்திரை வேலை செய்யும்வரை நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. மறுநாள் வந்த மயக்க மருத்துவர், இனி வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கணக்குப்படி மாத்திரை தர வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த அளவுக்கு வலி வரவில்லை.

ஆகவே, ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மற்றபடி, ஊசி போட்டதற்காக நாங்கள் வருந்தவில்லை. அடுத்த காலுக்கும் அதையே கேட்போம் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பொருநை மகள்

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பெரியம்மாவுக்குப் போட்டது வேறோர் இடத்தில் என்பதைக் கேட்ட பிறகு பாதி சம்மதித்திருக்கிறார்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. அண்மைப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு அம்மாவுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக 1.6 என்று வந்திருக்கிறது. வலி மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று அவர் எந்த மாத்திரையையும் தொட மறுக்கிறார். அப்படியானால் மணிக்கணக்குப்படி எதைக் கொடுப்பது? ஊசி போட்ட பிறகு எந்த அறிகுறியைக் கண்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்?

பதில்: மயக்கவியல் மருத்துவர், கோவை

கரூர் வாசகர் எழுதியதுதான் நான் முதல் பதிலில் விரித்திருக்க வேண்டிய பகுதி. அவர் என்னைவிடத் தெளிவாகவே எழுதிவிட்டார். மரப்பு நீங்கும் நேரத்தில் வலி ஒரேயடியாகப் பாய்வது நன்கு அறியப்பட்ட ஒன்று. ஊசியின் வேகம் முழுமையாக இருக்கும்போதே மாத்திரைகளைத் தொடங்கிவிட்டால், அந்தப் பாய்ச்சலின் கூர்மை குறையும்.

கிரியாட்டினின் பற்றி நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. இந்த நிலையில் அம்மாவின் அச்சத்தில் பாதி நியாயமானது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப், செலிகாக்ஸிப் போன்ற வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகளைச் சிறுநீரகம் தளர்ந்தவருக்குத் தவிர்ப்பதே முறை; ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கும் அவை நல்லவை அல்ல. எலும்பு மருத்துவர் மூட்டுக்குள் செலுத்தும் கலவையிலுள்ள கீட்டோரோலாக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கலவையில் கீட்டோரோலாக் வேண்டாம் என்று முன்கூட்டியே இருவரிடமும் சொல்லிவிடுங்கள். மாத்திரைப் பட்டியலைப் பார்ப்பவர்கள்கூட இதைக் கவனிக்கத் தவறுவதுண்டு.

பாராசிட்டமால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சரியான அளவில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதை அம்மா எடுத்துக்கொள்ளலாம். எடை குறைவானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் மருத்துவரே எழுதட்டும். அது போதாதபோது குறைந்த அளவில் டிரமடால் என்ற வலுவான வலி மருந்து தரப்படலாம். குமட்டல், தலைசுற்றல், மலச்சிக்கல் ஆகியவை அதன் தொல்லைகள். தலைசுற்றலோடு எழுந்து நடப்பது இன்னொரு விழும் வாய்ப்பு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ அம்மா ஏதேனும் மாத்திரை எடுப்பவரானால், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் சில டிரமடாலுடன் சேரக் கூடாதவை. மாத்திரைகளுக்கான வழி இப்படிக் குறுகிவிடும் உங்கள் அம்மாவைப் போன்றவருக்குத்தான் நரம்புத் தடுப்பு மற்றவர்களைவிட அதிகம் பயன்படும். திருச்சி மருத்துவர் ஐபேக் ஊசியின் பயன் சிறியது என்றார். இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருப்பவருக்கு நானும் அப்படியே சொல்வேன், உங்கள் அம்மாவுக்கு அந்தச் சிறிய பயனையும் விடமாட்டேன்.

அறிகுறிகளைப் பற்றி: வாயைச் சுற்றி மரமரப்பு, பேச்சுக் குழறல், படபடப்பு ஆகியவை ஊசி போட்ட சிறிது நேரத்துக்குள் தோன்றினால் அது அவசர நிலை. பாதத்தைத் தூக்க முடியாமல் போனால் உடனே சொல்லுங்கள். அது ஊசியின் விளைவா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். ஊசியையும் மாத்திரையையும் மீறி வலி ஏறிக்கொண்டே போய், கெண்டைக்கால் கல்லாக இறுகினாலும், மூச்சு வாங்கினாலும் இரவென்று பாராமல் அழையுங்கள். ஒருமுறை போட்ட ஊசியின் மரப்பு 24 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டுவது சர்க்கரை நோயாளிகளிடம் காணப்படுவதுதான். 48 மணி நேரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் மயக்க மருத்துவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். குழாய் வைத்திருந்தால், அது நுழையும் இடத்தில் சிவப்போ சீழோ தென்படுகிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.

அடுத்த முறை மயக்க மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஸ்டென்ட் வைத்ததற்கான டிஸ்சார்ஜ் சுருக்கம், அண்மைய எக்கோ அறிக்கை, கிரியாட்டினின் முடிவு, எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும் கொண்டுபோங்கள். அம்மாவின் இரண்டு பாதங்களிலும் இப்போது எந்த இடம்வரை மதமதப்பு இருக்கிறது, விரல்கள் எவ்வளவு அசைகின்றன என்பதைப் பரிசோதித்துக் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு புதிதாக ஏதேனும் மதமதப்பு தோன்றியதா என்ற கேள்வி எழுந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பு ஒன்றுதான் இருக்கும்.